சந்தைக்குப் போக மின்சார வண்டி

2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஏழாலையில் நாங்கள் பிடுங்கிய கத்தரிக்காய் சந்தைக்குப் போகாமல் வாடியது அப்போதுதான். அதன் பின் மின்சார மூன்று சில்லு வண்டி என்றாலே காதுகொடுத்துக் கேட்கிறேன்.

மருதனார்மடம் சந்தைக்குப் போய்வர இருபது கிலோமீற்றர்கூட இல்லை. அதற்கு இரவில் வீட்டுப் பிளக்கில் ஏற்றும் மின்சாரமே போதும். நின்ற இடத்திலிருந்தே மோட்டார் நன்றாக இழுக்கும். மூட்டைகளோடு புறப்பட அது வசதி. ஆனால் பாரம் கூடினால் ஓடும் தூரம் குறையும். விற்பவர் சொல்லும் தூரம் வெறும் வண்டிக்கா, பாரத்தோடா என்று கேளுங்கள் சகோதரிகளே. ஈய பற்றரி விலை குறைவு. அடிக்கடி முழுவதும் இறங்கவிட்டால் சீக்கிரம் பழுதாகும். லித்தியம் பற்றரி நெடுநாள் உழைக்கும், விலைதான் கடிக்கும். வீட்டு மின்பட்டியலிலும் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலை ஏறுகிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உழவுக்கென்றால் லாண்ட்மாஸ்டரை நான் விற்கமாட்டேன். மணிக்கணக்காக மண்ணைக் கிளறும் வேலைக்குச் சின்ன பற்றரி காணாது. நடுத்தோட்டத்தில் பிளக்குக்கு எங்கே போவது?

சந்தைக்கு மட்டும் ஒரு வண்டியை நாலு குடும்பம் சேர்ந்து வாங்கலாம் என்று மாதர் சங்கத்தில் சொன்னேன். எல்லோருக்கும் விருப்பம். பற்றரி மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.