சரக்கு ரயிலின் கூரையில் மெக்சிகோ

குவாத்தமாலாவையும் மெக்சிகோவையும் பிரிக்கும் சுச்சியாத்தே ஆற்றில், டிராக்டர் டியூப்கள் மேல் பலகை கட்டிய தெப்பங்கள் ஓடுகின்றன. ஹோண்டுராஸ், எல் சல்வதோர், குவாத்தமாலா மக்கள் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகும் வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பேருந்தில் போனால் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்வார்கள். பயணிகள் ரயிலோ, 1990-களின் இறுதியில் இருப்புப்பாதைகள் தனியார் கைக்குப் போனதும் அநேகமாக நின்றுவிட்டது. மிஞ்சியது சரக்கு ரயிலின் கூரை. அந்த ரயில்களை 'லா பெஸ்தியா' என்கிறார்கள். மிருகம் என்று பொருள்.

ஆற்றைத் தாண்டியதும் வருவது தப்பாச்சுலா. ரயிலிலிருந்து விழுந்து கைகால் இழந்தவர்களுக்காக ஓல்கா சாஞ்செஸ் என்ற பெண்மணி தொடங்கிய இல்லம் இங்கே இருக்கிறது. 2005 அக்டோபரில் ஸ்டான் புயல் பாலங்களை அடித்துக்கொண்டு போனதால், ரயில் ஏறும் இடம் 250 கிலோமீட்டருக்கும் அப்பால் அர்ரியாகாவுக்குத் தள்ளிப்போனது. பாலங்கள் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தன. சாவடிகளுக்குப் பயந்து புதர்க்காட்டு வழியே நடந்தவர்கள் லா அர்ரொசேரா போன்ற இடங்களில் கொள்ளைக்கும் வன்புணர்வுக்கும் இரையானார்கள். புயல் செய்ததைவிடப் புயலுக்குப் பின் வந்த அலட்சியம் செய்த கேடு பெரிது.

அர்ரியாகாவைத் தாண்டி வரும் இஸ்தெபெக்கில் பாதிரியார் அலெஹாந்திரோ சொலாலிந்தே 2007-இல் தொடங்கிய தங்குமிடம் உண்டு. மேதியாஸ் ஆகுவாஸில் தெனோசிகேயிலிருந்து வரும் மற்றொரு ரயில் பாதை வந்து சேர்கிறது. பிறகு தியெர்ரா பிளாங்கா.

அதற்கு வடக்கே, வெராக்ரூஸ் மாநிலத்துக் கரும்புக்காடுகளுக்கு நடுவே, லா பத்ரோனா என்ற சிற்றூர். 1995 பிப்ரவரியில் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வந்த ரொமேரோ சகோதரிகள் இருவர், ரயில் போகட்டும் என்று தண்டவாளத்தருகே நின்றார்கள். பசிக்கிறது என்று கூரையிலிருந்து குரல் வந்தது. கையிலிருந்ததை எறிந்துவிட்டு வீடு திரும்பினார்கள். தாய் லெயோனிலா திட்டவில்லை. மறுநாளுக்குச் சோறு வடிக்க ஏற்பாடு செய்தார். அந்த வீட்டுப் பெண்களும் அண்டை வீட்டாரும் சேர்ந்ததுதான் 'லாஸ் பத்ரோனாஸ்' குழு.

சோறும் பீன்ஸும் வெந்ததும் பிளாஸ்டிக் பைகளில் போட்டு முடிச்சிடுவார்கள். கூடவே தொர்த்தியா என்ற சோள அடையோ ரொட்டியோ இருக்கும். பழைய பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி இரண்டிரண்டாக இணைப்பார்கள். ஓடும் வண்டியில் பாட்டிலைப் பிடிப்பது கடினம், கயிறு கையில் சிக்கிக்கொள்ளும். ஊதல் கேட்டதும் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, தண்டவாளத்தையொட்டி இடைவெளி விட்டு வரிசையாக நிற்பார்கள். பெட்டிப் படிகளில் ஒரு கையால் தொங்குபவர் மறு கையால் பறித்துக்கொண்டு போவார். நன்றி சொல்வதற்குள் வண்டி கடந்துவிடும். சில ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். குறைக்காத நாளில் பாதிப் பைகள் கீழே விழும்.

ஆவணமின்றி நுழைவது மெக்சிகோவில் 2008 வரை சிறைக்குற்றம். சோறு போடுகிறவர்களும் ஆள்கடத்தல் வழக்கில் சிக்கலாம் என்ற பயம் இருந்தது. 2011-ஆம் ஆண்டுச் சட்டம்தான் தொண்டு இல்லங்களுக்குள் குடியேற்ற அதிகாரிகள் சோதனைக்கு நுழையக் கூடாது என்றது. 2013-இல் இந்தக் குழுவுக்குத் தேசிய மனித உரிமைப் பரிசு கிடைத்தது. ஆனால் அடுத்த ஆண்டே அரசு 'தெற்கு எல்லைத் திட்டம்' கொண்டுவந்து ரயிலின் வேகத்தைக் கூட்டியது, கூரையில் ஏறுபவர்களை வளைத்துப் பிடித்தது. ஏறுவது குறைந்ததே தவிர, புறப்படுவது குறையவில்லை, கால்நடையாகப் போனார்கள். வண்டி வேகமெடுத்ததால், நீட்டிய பையைப் பிடிப்பதும் கடினமாயிற்று. லா பத்ரோனாவில் இப்போது உணவுக்கூடமும் படுக்க இடமும் இருக்கின்றன.

ஒரிசாபாவுக்குப் பிறகு மலையேற்றம், சுரங்கங்கள், கூரையில் உறைய வைக்கும் குளிர். மெக்சிகோ நகரையொட்டிய லெச்செரியாவில் இருந்த தங்குமிடம் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பால் 2012-இல் மூடப்பட்டது.

அங்கிருந்து பாதை நுவேவோ லரேதோ, சியுதாத் ஹுவாரெஸ், திஹுவானா என்று கிளை பிரிகிறது. 2023 செப்டம்பரில் கூரைப் பயணிகள் பெருகி விபத்துகள் நேர்ந்ததால் வடக்கே 60 ரயில்கள் நிறுத்தப்பட்டன. திஹுவானாவுக்கு அப்பால், அமெரிக்க எல்லைக்கு உள்ளே வெறும் 25 கெஜத்தில், 2019-இல் இலங்கைத் தமிழர் ஒருவர் பிடிபட்டார். அடைக்கலம் மறுக்கப்பட்டதை நீதிமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று அவர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூனில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.