புகைக்கூட்டுக்குச் சூடு வேண்டும்

காஸ் வேலை பழக வரும் பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே பேஸ்மென்ற்றுக்கு இறங்கி ஃபேர்னஸின் மூடியைக் கழற்றுவார்கள். எனக்குத் தொழில் பழக்கியவர் அப்படி இறங்கமாட்டார். போர்த்துக்கல்லில் செங்கல் அடுக்கிவிட்டு ரொறன்ரோவுக்கு வந்து காஸ் வேலைக்கு மாறியவர் அவர். வானை நிறுத்தியதும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று கூரையைப் பார்ப்பார். செங்கல் முகம் பொரிந்து உதிர்ந்திருக்கிறதா, உச்சிக்குக் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, எத்தனை சுவர் வெளிக்குளிரில் நிற்கிறது என்று பார்த்தபிறகுதான் கதவைத் தட்டுவார். உப்புப் பூத்திருந்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிறது. மழைத்தண்ணீர் என்று வீட்டுக்காரர் சொல்வார். அநேகமாக அது காஸ் எரிந்து பிறந்த தண்ணீர்.

இதைப் பழகுகிறவர்கள் முதலில் நம்பமாட்டார்கள். இயற்கை எரிவாயு எரிந்தால் கரியமில வாயுவோடு நீராவியும் வரும். 1,00,000 பி.ரி.யூ. அளவுக்கு எரிக்கும்போது ஏறக்குறைய 4 லீற்றர் தண்ணீர் ஆவியாகப் புகைக்கூட்டுக்குள் போகிறது. புகை கிட்டத்தட்ட 55 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறினால் அது செங்கல்லில் படியத் தொடங்கும். புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் திறந்திருக்கும் ட்ராஃப்ட் ஹூட்டில் அறைக்காற்றுக் கலந்த புகையென்றால் இன்னும் கொஞ்சம் ஆறியபின் படியும். படிகிற தண்ணீர் சும்மா தண்ணீரும் அல்ல, புளிப்பேறியது. பக்கத்தில் துணி தோய்க்கும் இடமிருந்து பிளீச் ஆவி எரியும் காற்றோடு கலந்தால் அதன் கடுமை கூடும். சாந்து மணலாகும், களிமண் ஓடு தகடு தகடாகக் கழலும். கழன்றதெல்லாம் அடியில் விழுந்து, குழாய் நுழையும் வாயை மெல்ல மெல்ல அடைக்கும்.

இங்குள்ள பழைய புகைக்கூடுகள் நிலக்கரிக்குக் கட்டியவை. 1958இல் அல்பேர்ட்டாவின் எரிவாயு குழாய்வழியே ரொறன்ரோவுக்கு வந்தது. கரியும் எண்ணெயும் எரித்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காஸுக்கு மாறின. அந்தக்கால ஃபேர்னஸ் வெப்பத்தில் நல்ல பங்கை வீணாக மேலே அனுப்பியது. அந்த வீண்சூடுதான் புகைக்கூட்டைக் காய்ச்சி, இழுவையைத் தந்து, செங்கல்லையும் காய்ந்தபடி வைத்திருந்தது. காஸ் புகையை மேலே தள்ள ஆளில்லை. சூடான காற்று எழுவதால் மட்டுமே அது போகிறது. கனடாவில் 2009 முடிவிலிருந்து தயாரிக்கும் வீட்டு ஃபேர்னஸ் 90 வீதத் திறனாவது காட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. அவை புகையை ஆறவைத்து, பிளாஸ்ரிக் குழாயால் சுவர் வழியே வெளியே விடுகின்றன. நல்ல மாற்றந்தான். ஆனால் பழைய ஃபேர்னஸைக் கழற்றிக்கொண்டு போகும்போது சுடுதண்ணித் தாங்கி மட்டும் அந்தப் பெரிய புகைக்கூட்டோடு தனித்துப்போகிறது. உள்ளே 7 அங்குலச் சதுரம் என்றால் 49 சதுர அங்குலம். தாங்கியின் 4 அங்குலக் குழாய்க்கு 12½ போதும். 40,000 பி.ரி.யூ. எரிக்கும் சின்ன நெருப்பு மாசி மாதக் குளிரில் அவ்வளவு செங்கல்லை எங்கே காய்ச்சப்போகிறது?

ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குத் தாங்கியில் சுடுதண்ணி சரியாக வரவில்லை என்று கூப்பிட்டார்கள். முந்தின இலையுதிர்காலத்தில் வேறு யாரோ புது ஃபேர்னஸ் போட்டிருந்தார்கள். தாங்கியின் தலையில் தண்ணீர்க்குழாய்கள் இறங்கும் இடத்தில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பிளாஸ்ரிக் வளையங்கள் இருக்கும். சிவப்பு வளையம் உருகி ஒருபக்கம் வழிந்திருந்தது. ஹூட்டின் விளிம்பைச் சுற்றி மூடியில் துரு. அவ்வளவும் பார்த்தால் போதும். புகை மேலே போகாமல் ஹூட்டால் அறைக்குள் கொட்டுகிறது. காஸை அடைத்து, உடனடி ஆபத்துக்குரிய ஏ-ராக் கட்டினேன். அந்த வீட்டு அம்மா, “தம்பி, இந்தக் குளிரிலை பிள்ளையளுக்குச் சுடுதண்ணி இல்லாமல் என்ன செய்யிறது?” என்று கேட்டார். “அக்கா, இண்டைக்கு ஒருநாள் கேத்திலிலை சுடவையுங்கோ, நாளைக்குக் காலமை லைனரோடை வாறன்” என்றேன். அந்த இடத்தில் தாட்சண்யம் பார்க்கக்கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

லைனர் என்பது புகைக்கூட்டுக்குள் இறக்கும் வளையக்கூடிய அலுமினியக் குழாய். எண்ணெய் எரித்த வீடென்றால் முதலில் பிரஷ் போட்டு உள்ளேயிருக்கும் கரியை முழுக்க இறக்கவேண்டும். அந்தக் கரியும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியத்தைத் தின்றுவிடும். பிறகு கயிறு. ரொறன்ரோவின் ஒட்டு வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே புகைக்கூடு, உள்ளே இரண்டு துளை. மேலிருந்து பார்த்தால் எது எவருடையது என்று தெரியாது. என் மாஸ்டர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிவிட்டு, கீழே என்னைத் துப்பரவுக் கதவைத் திறந்து பார்க்கச்சொல்வார். ஒருதடவை கயிறு முழுக்க இறங்கியும் குண்டு எனக்குத் தெரியவில்லை. அவர் அவசரப்படாமல் ஏணியால் இறங்கி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் பேஸ்மென்ற்றில் எங்கள் குண்டைக் காட்டினார். வீட்டுக்காரர் ‘இடப்பக்கந்தான் எங்களுடையது’ என்று அடித்துச் சொல்லியிருந்தார். நம்பி லைனரை இறக்கியிருந்தால் அடுத்த வீட்டின் புகைவழி அடைபட்டிருக்கும்.

இறக்கும்போது இழுக்கிறவனுக்குக் கை பேசவேண்டும். மேலேயிருப்பவர் தள்ளுவார், கீழேயிருப்பவர் கயிற்றைத் தளரவிடாமல் பிடிப்பார். இடறினால் பலத்தால் இழுக்காதீர்கள். பழைய சாந்துக் கட்டி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு அடி மேலே எடுத்து, கால் சுற்றுச் சுற்றி விட்டால் தாண்டிவிடும். முரட்டுக்கு இழுத்தால் மடிப்பு விரிந்து பொருத்து கிழியும், கிழிந்தது கண்ணுக்குப் படாது. உச்சியில் தகடு, மழைமூடி. அடியில் குழாய் நுழையும் வாயைச் சுற்றிச் சீமெந்துப் பூச்சு. தாங்கியிலிருந்து புகைக்கூட்டுக்குப் போகும் குழாய் அடிக்குக் கால் அங்குலமாவது ஏறிக்கொண்டு போகவேண்டும், பொருத்துக்கு மூன்று ஸ்குரூ. ஒன்றோடு நிறுத்துகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். தாங்கி மாற்ற வரும் ஆள் தோளால் இடித்தால் குழாய் கழன்று தொங்கும். புது ஃபேர்னஸின் பிளாஸ்ரிக் குழாயையும் அதே துளைக்குள் விடலாமா என்று கேட்பார்கள். தாங்கியின் புகை போகும் துளைக்குள் விடக்கூடாது.

எல்லாம் பூட்டியபின் இழுவை பார்க்கவேண்டும். இங்கேதான் நம்மவர் வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். மிளகாய் வறுக்கிற, மீன் பொரிக்கிற குசினி என்பதால் பெரிய விசிறி பூட்டியிருப்போம். பேஸ்மென்ற்றை வாடகைக்குத் தடுத்து, ஃபேர்னஸ் அறைக்குக் காற்றுப் புகாத கதவும் போட்டிருப்போம். விசிறி வீட்டுக் காற்றை உறிஞ்சினால் அந்த இடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தாவது வந்தாகவேண்டும். சுலபமான வழி புகைக்கூடுதான். ஆகவே யன்னல் கதவெல்லாம் சாத்தி, குசினி விசிறி, குளியலறை விசிறி, துணி உலர்த்தி எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தாங்கியைப் பற்றவையுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு ஊதுபத்தியை ஹூட்டின் விளிம்பருகே பிடித்துச் சுற்றிவர நகர்த்துங்கள். புகை உள்ளே வளைந்து போகவேண்டும். ஓரிடத்தில் தயங்கி வெளியே திரும்பினாலும் வேலை முடியவில்லை. மாஸ்டர் ஊதுபத்திக்கு முன்பே புறங்கையை நனைத்து அங்கே பிடிப்பார். ஈரத்தோலில் குளிர் பட்டால் காற்று உள்ளே இழுபடுகிறது, வெதுவெதுப்புப் பட்டால் புகை வெளியே வருகிறது. கருவி காட்டுமுன் அவர் கை சொல்லிவிடும். ஆனாலும் கருவியை வைத்துப் பார்க்காமல் அவர் ஒருநாளும் பெட்டியை மூடியதில்லை.

இழுவை சரிவரவில்லையென்றால் லைனரைக் குறை சொல்லுமுன் காற்றுக்கு வழி விடுங்கள். கதவுக்குத் துவாரத் தகடு போட்டதும் சரியான வீடுகள் பல. வெளியிலிருந்து தனிக் காற்றுக்குழாய் எடுக்கவேண்டி வந்த வீடுகளும் உண்டு. சில வீடுகளில் இவை ஒன்றும் போதாது. அங்கே தாங்கியையே சொந்த விசிறியால் சுவர் வழியே புகை தள்ளும் வகைக்கு மாற்றச் சொல்லிவிடுவேன். வேலை கைவிட்டுப் போனாலும் அதைச் சொல்லவேண்டும்.

காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்று படுக்கையறைப் பக்கமும் போய்ப் பாருங்கள். 2008இல் வுட்ஸ்ரொக்கில் அடைபட்ட புகைவழியால் ஒரு குடும்பம் முழுக்க இறந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரால்தான் ஒன்ராறியோவில் 2013இல் இந்த அலாரத்துக்கான ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் நிறைவேறியது. அலாரத்தை வாங்கிப் பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்திருக்கும் வீடுகளை இன்றும் காண்கிறேன். அங்கேயே பிரித்துப் பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

கடைசி வேலை ஒரு தகடு. லைனரின் அளவு, அது எந்தத் தாங்கிக்கு, எத்தனை பி.ரி.யூ., பூட்டிய திகதி ஆகியவற்றை எழுதிப் புகைக்கூட்டின் அடியில் கம்பியால் கட்டுங்கள். பத்து வருடம் கழித்து வேறொருவர் பெரிய தாங்கியைக் கொண்டுவந்து இந்த 4 அங்குலக் குழாயில் பூட்டப் பார்ப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே நின்று அவருக்குத் தெரியாது. அந்தத் தகட்டை வாசித்துத்தான் தெரியவேண்டும்.