மூலை அறையில் கேட்ட மூச்சு

கணவர் தாக்கல் செய்த விவாகரத்து மனுவின் நடுவில் ஒரு பத்தி. எதிர்மனுதாரரான மனைவி இரவு நேரங்களில் தங்கள் விடுதியின் மாடி மூலை அறைக்குப் போய், தன் அண்ணன் உயிர்விட்ட அதே கட்டிலில் படுத்துக்கொள்கிறார். அந்த அறையில் இறந்தவரின் மூச்சு கேட்பதாக ஊர் முழுவதும் பேச்சு. எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. இது மனுதாரருக்குப் பெரும் மனக்கொடுமை. அதற்கடுத்த பத்தியில், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற குற்றச்சாட்டு. இருவரும் கத்தோலிக்கர்கள் என்பதால் மனு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்கீழ் வந்திருந்தது.

நான் மனைவிக்காக ஆஜரானேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது வக்கீலோடு நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. இருவரும் எழுதச் சம்மதம் தந்த பிறகே இதை எழுதுகிறேன். விடுதி இருக்கும் ஊரைச் சொல்லவில்லை, சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் கணவர். இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துபோனது. சங்கு மட்டும் இன்றும் நிற்கவில்லை. இங்கிருந்து போகும் சங்குதான் வங்காளத்தில் அறுக்கப்பட்டு, கல்யாணமான பெண்களின் கையில் வெள்ளை வளையலாக ஏறுகிறது. முத்துக்குளித்த காலத்தில் இடுப்பில் கயிறு கட்டி, காலில் கல்லோடு இறங்குபவரின் உயிர் மேலே தோணியில் கயிறு பிடிப்பவரின் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பதுதான் வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான் என்பது அதன் கணக்கு. கயிறு போய் கம்ப்ரசர் குழாய் வந்த பிறகும் இந்தக் குடும்பத்தில் அந்த வழக்கம் இருந்தது. கணவர் கடலுக்குள், மச்சான் படகின் மேலே.

மனைவியின் நகையையும் கணவரின் சேமிப்பையும் மச்சானின் உழைப்பையும் போட்டு, காயல்பட்டினத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்த ஒரு பழைய மாடிவீட்டை வாங்கினார்கள். திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கும் மணப்பாடு திருச்சிலுவைக்கும் வருகிறவர்கள் தங்கும் சிறிய விடுதியாக அதை நடத்தினார்கள். பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. அண்ணன் மாடி மூலை அறையில் இருந்துகொண்டு கணக்கு பார்த்தார்.

ஒருநாள் கணவருக்குக் காய்ச்சல். மச்சான் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்க, கணவர் படகில் இருந்தார். ஆழத்தில் வெகுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே ஏறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகப் பொங்கி மூட்டுகளையும் நுரையீரலையும் அடைக்கும். சோடா மூடியைத் திறந்ததும் பொங்குகிற மாதிரி. மச்சான் வேகமாக ஏறிவிட்டார். கை கால் வலிக்கிறது, அசதிதான் என்று சொல்லிவிட்டு விடுதிக்கு வந்து படுத்தார். விடியுமுன் மூச்சு இழுத்து இழுத்து நின்றுபோனது. காவல்துறை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் விசாரணை நடத்தி, சந்தேகம் இல்லை என்று கோப்பை மூடியது. அந்தக் கோப்பில் கணவர் கொடுத்த வாக்குமூலத்தில், படகின் மேலே நான்தான் இருந்தேன் என்று ஒரு வரி இருக்கிறது. வழக்குக் கட்டில் அதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது, இந்த மனிதர் இதை ஒரு போலீஸ்காரரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார் என்று.

சில மாதங்களில் அந்த அறையில் தங்கியவர்கள் அலறிக்கொண்டு கீழே வரத் தொடங்கினார்கள். யாரோ கனமாக மூச்சு விடுகிறார்கள், அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் என்றார்கள். செத்தவன் பேயாக அலைகிறான் என்று பேச்சு பரவி, வேன்கள் நிற்பது குறைந்தது. கணவர் மந்திரிக்கிறவரைக் கூட்டிவரலாம், அறையைச் செங்கல் வைத்து அடைக்கலாம் என்றார். மனைவி என் அண்ணனைப் பேய் என்று சொல்லாதீர்கள் என்று அழுதுவிட்டு, அந்த அறையிலேயே படுக்கப் போனார். ஒருநாள் கணவர் பெட்டியை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டார்.

வீட்டை விட்டுப் போனவர் கணவர். ஆனால் கைவிட்டதாக வழக்கு மனைவி மேல். சட்டத்தில் இது விசித்திரம் கிடையாது. பிபின்சந்திர ஷா எதிர் பிரபாவதி வழக்கில் 1956-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: பிரிந்திருப்பது மட்டும் போதாது, திரும்பச் சேராமல் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணமும் நிரூபிக்கப்பட வேண்டும். அந்த எண்ணம் இருவரிடமும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் படுத்ததைக் கொடுமை என்று எழுதியவர், அந்தக் கட்டிலில் யார், எப்படி இறந்தார் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. என் கட்சிக்காரரும் பதில் மனுவில் அதைத் தொட வேண்டாம் என்றார். "அது கோர்ட்ல பேசுற விஷயம் இல்ல வக்கீலம்மா."

குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சேர்த்துவைக்க முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2005-இலேயே சமரச மையம் தொடங்கியது. 2013-இல் ஸ்ரீனிவாச ராவ் எதிர் தீபா வழக்கில், குடும்ப வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இவற்றை நான் மதிக்கிறேன், பல வீடுகள் அங்கே நிமிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சமரச அறையில் பேச்சு குறையிலிருந்து தொடங்கும்: அவர் என்ன செய்தார், இவர் என்ன செய்தார். இந்த இருவருக்கும் மற்றவர் மேல் சொல்லத்தக்க குறையே இல்லை. இருந்ததெல்லாம் ஒரு சாவு. ஆலோசகர் முன்னால் இருவரும் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

பிறகு கணவர் தரப்பு, விடுதியைப் பாகம் பிரிக்கவும், பிரிக்க வழியில்லையென்றால் விற்கவும் 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி இன்னொரு வழக்குப் போட்டது. தம்பதிகளுக்கிடையேயான சொத்து வழக்கும் குடும்ப நீதிமன்றத்துக்கே வரும். விலை பேசிய தரகர், பேய் இருக்கிறதே என்று பாதி விலைக்கு இறங்கினார். இங்கே எனக்கு நியூயார்க் வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 1991-இல் ஸ்டாம்போவ்ஸ்கி எதிர் ஆக்லி வழக்கில், நயாக் என்ற ஊரின் ஆற்றங்கரை வீட்டை வாங்கியவர் பேரத்திலிருந்து விலகிக்கொள்ள நீதிமன்றம் அனுமதித்தது. வீட்டுக்காரி தன் வீட்டில் ஆவிகள் உண்டு என்று பத்திரிகைகளில் பெருமையாகச் சொல்லியிருந்தார். சொன்னவர் இனி இல்லையென்று மறுக்க முடியாது, ஆகவே சட்டத்தின் கண்ணில் அது பேய் வீடுதான் என்று அந்தப் பெஞ்சு முடிவுசெய்தது. நம் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஊர்ப்பேச்சு அப்படி ஒரு குறை ஆகுமா? ஆகாது என்று வாதிட நான் தயாராக இருந்தேன். அதற்குமுன், அந்தச் சத்தம் என்ன என்று யாராவது எழுத்தில் தர வேண்டியிருந்தது. நீதிமன்றம் ஓர் இளம் பெண் வழக்கறிஞரை ஆணையராக நியமித்து, இரு தரப்பும் உடனிருக்க விடுதியைப் பார்வையிட்டு அறிக்கை தரச் சொன்னது. அவர் குறித்த நாள் 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் மாவட்டத்தில் அந்தத் தேதியை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94.6 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டு முழுவதும் எங்களுக்குக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரையை மீறியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. மின்சாரமும் போனும் இல்லை. தூத்துக்குடியில் என் தெருவிலேயே இடுப்பளவு தண்ணீர். விடுதியில் நடந்ததை ஆணையரின் அறிக்கையிலிருந்தும், பிறகு மூவரும் சொன்னதிலிருந்தும்தான் அறிந்தேன்.

காலையில் தூறலோடு ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்த ஆணையர், கீழ்த்தளத்தை அளந்து முடிப்பதற்குள் சாலை மறைந்துவிட்டது. கணவர் ஒரு மூலையில், மனைவி ஒரு மூலையில். மதியத்துக்கு மேல் திருச்செந்தூர் போகவிருந்த ஒரு வேன், மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் கொஞ்சம் பேர், பள்ளத்துக் குடிசைகளிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு ஜனங்கள் என்று ஒவ்வொருவராக மாடிவீட்டைப் பார்த்து வந்தார்கள். பேய் விடுதி என்று யாரும் தயங்கவில்லை. மீன் குழம்பு வைத்த பாத்திரம் மாலை போட்டவர்களுக்கு ஆகாது என்று, பரணில் கிடந்த பெரிய பித்தளை அண்டாவை மனைவி இறக்கச் சொன்னார். இறக்க ஆள் வேண்டும். அங்கே உயரமானவர் கணவர்தான்.

அண்டா இறங்கியது. அரிசி அளக்கும்போது மனைவி அடுக்களையிலிருந்து சத்தம் போட்டார்: "ஏங்க, மேல டேங்க்ல தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பாருங்க." கணவர் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அரை டேங்க் கெடக்கு. பாத்துப் பொழங்கணும்" என்றார். பிரிந்த பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான் என்று மனைவி பிற்பாடு சொன்னார். எங்கள் எந்த அமர்விலும் நாங்கள் அவர்களிடமிருந்து இவ்வளவு வாங்கவில்லை.

இரவு படுக்க இடம் போதவில்லை. மூலை அறையைக் கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கும் அவள் மூத்த மகனுக்கும் திறந்துவிட்டார் மனைவி. நடுச்சாமத்தில் அந்தப் பையன் வெளியே வந்து, "உள்ள யாரு அத்தே குறட்டை விடுறா?" என்றான். பயம் இல்லாமல் கேட்டான். மச்சானின் உடலை இறக்கிய நாளுக்குப் பிறகு அந்த அறை வாசலை மிதிக்காத கணவர், டார்ச்சோடு வந்து நிலைப்படியில் நின்றார். உள்ளே சத்தம் ஏறியது, இறங்கியது.

மனைவி கட்டிலை நகர்த்தினார். சுவரின் அடியில் ஒரு பழைய இரும்புக் குழாயின் வாய். வீடு கட்டிய காலத்தில் மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கடற்கரைவரை இறக்கியது. அலை ஏறினால் கீழ்வாய் அடைபட்டு, உள்ளே இருக்கும் காற்று மேலே தள்ளும். அலை வாங்கினால் உள்ளே இழுக்கும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் ஏற்றம் கூடுவதால் அப்போது சத்தம் இன்னும் பலமாகக் கேட்டிருக்கிறது. கணவர் குனிந்து உள்ளங்கையை அந்த வாயில் வைத்துப் பார்த்தார்.

"உனக்கு இது மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லலியே."

"சொன்னா அடைச்சிருவீங்க. அண்ணன் கடைசி ராத்திரி மூச்சு இப்படித்தான் இருந்துச்சு. எனக்கு அது வேணும்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தனக்கும் அந்தச் சத்தம் அப்படித்தான் கேட்டது, அதனால்தான் அங்கே இருக்க முடியவில்லை என்றார். "அன்னைக்கு மேல நான்தான இருந்தேன். கொழாயப் பாத்துக்கிட்டு நான்தான இருந்தேன்."

"அதுவும் தெரியும். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஆணையர் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார். அவர் அறிக்கையில் இந்தப் பேச்சு எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. மாடி மூலை அறையில் பயன்பாட்டில் இல்லாத வடிகுழாய் ஒன்று உள்ளது, அது கடற்கரைப் பக்கம் திறந்திருக்கிறது, அலை ஏறும்போது காற்று சத்தத்துடன் வெளிவருகிறது என்று மட்டும் எழுதினார். நான் வாசித்த ஆணையர் அறிக்கைகளில் இதைவிடக் கண்ணியமான ஒன்று எனக்கு நினைவில்லை.

வெள்ளம் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. கணவர் சில மாதங்கள் தூத்துக்குடியிலேயே இருந்தார். சனிக்கிழமை மட்டும் போவார், சேறு அள்ளுவார், ஞாயிறு பூசை முடிந்ததும் திரும்புவார். ஒரு வாரம் சண்டையில் பாதியிலேயே வந்தார். வாய்தா கேட்டு இரு தரப்பும் சேர்ந்து மனு போட்டோம். அவசரப்பட்டுச் சேர்த்துவைத்து, மறுபடி படியேறுவதை நான் பலமுறை பார்த்திருப்பதால், என் கட்சிக்காரரை நான் நெருக்கவில்லை. ஈஸ்டர் கழிந்து ஒருநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். விவாகரத்து மனுவும் பாகவழக்கும் திரும்பப் பெறப்பட்டன. குழாயை என்ன செய்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். கணவர் பதில் சொன்னார்: "அடைக்கல ஐயா. அந்த ரூம யாருக்கும் வாடகைக்கு விடுறதில்ல."

ஒரு வேலை மிச்சமிருந்தது. நீதிமன்றம் தலையிடாமல் தாங்களாகவே சமாதானமாகும் கட்சிக்காரர்களுக்கும் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-அ பிரிவின்கீழ் மனு போட்டு, பாகவழக்கின் கட்டணத்தை வாங்கிக்கொடுத்தேன். சிறிய தொகை. வெள்ளத்தில் ஆணையரின் ஸ்கூட்டர் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது, அதற்கே இது போகட்டும் என்றார்கள் இருவரும். ஆணையர் வாங்க மறுத்துவிட்டார். கட்சிக்காரர்களிடம் ஆணையர் பணம் வாங்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நானும் அதையே சொன்னேன். அந்தப் பணத்தில் கூடத்துக்கு இரண்டு எமர்ஜென்சி விளக்கு வாங்கினார்கள். மிச்சத்துக்கு, அடுத்த மழைக்கு வருகிறவர்களுக்கென்று பாய்கள்.