காட்டு வழிக்கு ஒரு வண்டி

மாங்குளச் சந்தியிலே கண்டி வீதியை விட்டுக் கிழக்குத் திசையாகத் திரும்பினால் முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதை தொடங்குகின்றது. ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தூரம். பாலையும் முதிரையும் வீரையும் இரு மருங்கும் அடர்ந்து நிற்க, இடையிடையே குளமும் வயலுமாக விரிந்து செல்லும் வழி அது. ஒட்டுசுட்டானை அணுகும்போது கற்சிலைமடு என்னும் ஊர் வருகின்றது. 1803 ஆம் ஆண்டிலே முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரைத் துரத்திய பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்டோபரில் தோல்வியுற்றது இவ்விடத்திலேதான். காடுதான் அந்நாளில் வன்னியரின் மதில்; பாதையில்லாமையே அவர்களின் பாதுகாப்பு. அந்தக் காட்டிலே இன்று தார் வீதி ஓடுகின்றது. ஆனால் வீதியை விட்டு வலமோ இடமோ நானூறு முழம் இறங்கிப் பாருங்கள். பழைய வன்னி அங்கே அப்படியே இருக்கின்றது.

இறங்கினவுடன் முதலில் வருவது செங்கிரவல். கோடையிலே அது புழுதி, மாரியிலே வழுக்கல். அதற்கப்பால் குளத்தின் கீழ் வயல் நிலத்திலே களிமண். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சில்லைப் பிடித்தால் விடாது. கிழக்கே அலம்பில், செம்மலை, நாயாறு என்று கடலோரம் போனாலோ, கால் புதையும் வெண்மணல். ஒரே நாட் பயணத்துள் மூவகை மண்ணையும் கடக்க வல்ல வண்டி எது என்பதே வன்னி மக்களின் நெடுநாளைய வினா. அதற்கு அவர்கள் தத்தம் முற்றத்திலேயே தேடிய விடைகளைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம்.

அமெரிக்க நாட்டிலே இதனை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். யூட்டா மாநிலத்து மோவாப் என்னும் ஊரின் செம்பாறைகளிலும், கலிபோர்னியா மலைகளின் ரூபிக்கன் தடத்திலும், வீட்டிலே குழாய் இரும்பை வளைத்து ஒட்டிக் கட்டிய வண்டிகளைக் கொண்டு பாறைமீது ஊர்ந்து ஏறுகிறார்கள். ஓட்டம் அன்று அது, ஊர்தல். நடந்து செல்லும் மனிதன் அவ்வண்டியை முந்திவிடுவான். வேகத்தைக் கொன்று இழுவையை வளர்க்கும் தாழ்ந்த கியர், காற்றைக் குறைத்து மென்மையாக்கிய பெரிய ரயர், ஒரு சில்லு அந்தரத்தில் நின்றாலும் மறு சில்லு சோர்ந்துவிடாதபடி இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் பூட்டு, இவை மூன்றுமே அதன் உயிர்நிலை. இதைக் கேள்வியுறும் முல்லைத்தீவு உழவர் சிரிப்பார். ஏனெனில் இம்மூன்றும் அவர் வயலில் நிற்கும் உழவு இயந்திரத்திலே உள்ளவைதாமே! பொழுதுபோக்குக்காக அவர்கள் தேடிச் செல்லும் இடர், இங்கே நெல் மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவரும் அன்றாட வழியாயிருக்கிறது.

இயந்திரம் வருமுன் மாட்டு வண்டியே இந்நாட்டின் வாகனம். அதன் சில்லு ஏன் அத்துணை உயரம் என்று நகரப் பிள்ளைகள் கேட்பதுண்டு. சிறிய சில்லு பள்ளத்தில் விழும். பெரிய சில்லு பள்ளத்தின்மேல் உருளும். அச்சும் உயர்ந்து நிற்பதால் அடிமரமும் வேரும் வண்டியின் வயிற்றில் இடியா. ஒடுங்கிய இரும்புப் பட்டம் சேற்றை வெட்டிக்கொண்டு கீழுள்ள கடுந்தரையைத் தொடும். பொறியியல் நூல் கற்காத தச்சன் செய்த கணக்கு இது. வயலை மிதிக்கவோ, எருமைகளே துணை.

அந்த எருமையின் இடத்தைப் பிடித்த இயந்திரத்துக்கும் இலங்கைக்கும் நெருங்கிய உறவு உண்டு. கேம்பிரிட்ஜிலே பொறியியல் கற்ற இலங்கையரான றே விஜேவர்தன (1924–2010) 1950களில் வடிவமைத்த இரு சில்லுச் சிறு உழவு இயந்திரத்தை, இங்கிலாந்தின் லான்ட்மாஸ்டர் கம்பனி செய்து உலகெங்கும் விற்றது. விமானமோட்டியும், 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு செலுத்தியவருமான பல்கலை வல்லவர் அவர். பின்னர் யப்பானியக் குபோட்டாவும் சீனத்து இயந்திரங்களும் வந்து சந்தையை நிரப்பின. ஆயினும் பெயர் மாறவில்லை. இன்றும் எந்தக் கம்பனி இயந்திரமானாலும் எங்கள் மக்களின் வாயில் அது 'லான்ட்மாஸ்டர்'தான். வியப்பு என்னவெனில், பிற்காலத்திலே விஜேவர்தன அவர்களே தம் படைப்பைக் குறித்து ஐயுற்றார். எருமையை இயந்திரமாக்கினோமேயன்றி உழவை வளமாக்கினோமா என்பதே அவர் தம்மைத் தாமே கேட்ட கேள்வி. எருமை சாணம் தரும், பால் தரும், கன்றும் ஈனும். இயந்திரமோ எண்ணெய் கேட்கும். இக்கேள்வியின் கூர்மையை வன்னியைப்போல் உணர்ந்த நாடு பிறிதொன்று இருக்குமோ என்பது ஐயமே. அதனைப் பின்னே சொல்வோம்.

1960களிலும் 70களிலும் முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களிலே படித்த வாலிபர்களுக்குக் காணி வழங்கப்பட்டது. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட 1970களில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை கண்டன. மிளகாய்ப் பணத்தில் மெசி பேர்கசன் வந்து முற்றத்தில் நின்றது. பெரிய உழவு இயந்திரம் வைத்திருப்பவர் ஊரிலே ஒரு பெரிய மனிதர். கலியாண வீட்டுக்கும் அதுவே, ஆஸ்பத்திரிக்கும் அதுவே. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் செல்லும் குடும்பம் முழுவதும், பானை, அரிசி, பாய், பாட்டி சகிதம் பெட்டியில் ஏறிவிடும். கடல் நீரிலே விளக்கெரியும் அந்தத் திருவிழாவிலே, பெட்டியே இரவில் வீடாகிவிடும்.

பிறகு வந்தது 1990. போர் காரணமாக வடக்கிற்கு எரிபொருளும் மின்கலமும் பல்வகைப் பொருள்களும் தடைசெய்யப்பட்டன. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு வீட்டு முற்றமும் ஒரு பட்டறையாயிற்று என்றால் மிகையாகாது. பெற்றோல் எஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே குழந்தைகளின் சூப்பிப் போத்தலிலே சிறிது பெற்றோலை எடுத்து, கார்பரேட்டரின் வாயில் சில துளிகள் பீய்ச்சி உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் இதனைப் பொறுத்துக்கொண்டன. அவற்றின் எஞ்சின் அமுக்கம் குறைவு. அமுக்கம் மிகுந்த புதிய எஞ்சின்களோ இடித்து முனகின. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும் ஆதலால், ஒயிலை அடிக்கடி பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. இது வறுமையின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1940களில் இங்கிலாந்தின் பேர்கசன் உழவு இயந்திரத்திலேயே இத்தகைய வகை ஒன்று உண்டு. பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மலிவான எண்ணெய்க்கு மாறுவது. கம்பனி செய்தால் அது பொறியியல். முற்றத்திலே செய்தால் அதற்குப் பெயரில்லை!

அந்த ஆண்டுகளின் கைப்பழக்கம் இன்னும் அழிந்துவிடவில்லை. முள்ளியவளைப் பக்கத்து வீடொன்றின் மாமர நிழலில் ஓர் இழுவைப் பெட்டி உருவாவதை நாம் ஒரு முற்பகல் முழுவதும் பார்த்திருந்தோம். பழைய லொறியொன்றின் அச்சு. அதன்மேல் எல் வடிவ இரும்பினால் ஒட்டிய சட்டம். தளத்துக்கு முதிரைப் பலகை. தகரத்தால் தளமிட்டால் மலிவன்றோ என்று கேட்டோம். உப்புக் காற்றுக்கும் நெல்லின் ஈரத்துக்கும் தகரம் மூன்று மாரி நில்லாது என்று விடை வந்தது. முன்னே ஓட்டுநர் இருக்கையும் அதன் கீழே தடைக் கட்டையும். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று பக்கத்திலே பிரித்துக் கிடந்தது. அதனை நான்கு சில்லு வண்டியாகவே ஆக்கிவிட வேண்டும் என்பது வீட்டு இளைஞரின் ஆசை. பெரியவர் அச்சை அளந்துகொண்டே சொன்னார்: "தம்பியவை, வேகம் தேவையில்லை. மாடு நடக்கிற வேகத்திலை மாட்டைவிடக் கூடப் பாரம் இழுத்தால் காணும்." மோவாப் பாறையிலே ஊர்பவர்களின் சாத்திரமும் இதுவேயன்றோ!

இளைஞரின் ஆசையும் புதிதன்று. வட இந்தியாவிலே நீரிறைக்கும் டீசல் எஞ்சினைப் பழைய ஜீப்பின் உறுப்புகளோடு பொருத்தி 'ஜுகாட்' என ஓட்டுகிறார்கள். தாய்லாந்து உழவரிடமும் இத்தகைய பண்ணை வண்டி உண்டு. புகழ்பெற்ற லான்ட் ரோவரின் முதல் மாதிரியே 1947 இல் பழைய ஜீப்பொன்றின் சட்டத்தின்மேல் கட்டப்பட்டதுதான். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். வீட்டிலே கட்டிய வண்டிக்கு இலக்கத் தகடும் காப்புறுதியும் பெறுவது எளிதன்று. வயலுக்குள் அது வண்டி. தார் வீதியில் ஏறினால் குற்றம். தடைக் கட்டை நன்கு பிடிக்காத வண்டியைப் பிள்ளைகள் நடமாடும் வீதியில் விடலாகாது என்னும் சட்டத்தின் நியாயத்தையும் நாம் மறுக்க முடியாது.

இரு சில்லு இயந்திரத்தைச் செலுத்துவதே ஒரு தனி வித்தை. இரு கைப்பிடிகளின் கீழும் இரு நெம்புகள் உள. வலப்புறத்தை அழுத்தினால் வலச் சில்லின் இழுவை அற்று, வண்டி வலப்புறம் திரும்பும். சமதரையில் குழந்தையும் கற்கலாம். குளக்கட்டிலிருந்து பாரத்தோடு இறங்கும்போதுதான் ஆபத்து. பெட்டி பின்னிருந்து தள்ள, எஞ்சின் தடையாகிப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது வலப்புறத்தை அழுத்தினால் வலச் சில்லு கட்டறுந்து விரைந்து உருளும். வண்டி இடப்புறம் பாயும்! பழகாதவர் குளத்துள் விழுவது இதனாலேதான். ஆகவே இறக்கத்தில் கை மாறிப் பிடிக்கவேண்டும், அல்லது நெம்பைத் தொடாமல் கைப்பிடியையே தள்ளித் திருப்பவேண்டும் என்று மூத்தோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

முல்லைத்தீவு நகரைக் கடந்து வட்டுவாகலுக்குச் செல்பவர் நந்திக்கடலின் விரிந்த நீர்ப்பரப்பைக் காண்பர். அப்பால் முள்ளிவாய்க்கால். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மல்லாவி, துணுக்காயிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓரிடம் மாறி ஓரிடம் இடம்பெயர்ந்தபோது, கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் நெல்லையும் முதியவர்களையும் ஏற்றிச் சென்றவை இந்தப் பெட்டிகளே. டீசல் தீர்ந்த இடத்தில் பெட்டி நின்றது, நின்ற இடத்தில் பொருள் நின்றது, மனிதர் நடந்தார்கள். எருமைக்குப் புல் போதும், இயந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்ற வேற்றுமையை இதனினும் கொடிதாக எவரும் கற்கவேண்டியதில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், எரிந்த உழவு இயந்திரங்களும் லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் அக்கரையிலே நெடுங்காலம் குவிந்து கிடந்தன. மீண்டு வந்தவர்களுட் பலர் கடனுக்கு வாங்கிய புதிய இயந்திரத்தோடே வாழ்வைத் தொடங்கினார்கள். தவணை தவறினால் கம்பனி வண்டியைக் கொண்டுபோய்விடும். 2022 இல் நாடு முழுவதும் டீசலுக்கு வரிசையில் நின்றபோது, சூப்பிப் போத்தற் கால நினைவு வன்னியிலே பலருக்கு மீண்டது. விஜேவர்தன அவர்களின் கேள்வி அப்போதும் விடையின்றியே நின்றது.

கடற்கரையிலே இவ்வியந்திரம் வேறொரு வேடம் புனைந்திருக்கிறது. கரைவலை இழுப்பதற்கு முன்னாளில் இரு புறமும் ஆட்கள் வரிசையாகக் கயிறு பிடித்து, அம்பா பாடி இழுப்பார்கள். இப்போது உழவு இயந்திரத்தின் பின்புறத்திலே கயிறு சுற்றும் உருளையொன்றைப் பொருத்தி, அதனை மணலில் நிறுத்திவிடுகிறார்கள். ரயர் உருளுவதில்லை, உருளையே சுழன்று வலையைக் கரைக்கு இழுக்கின்றது. இரண்டொருவர் போதும். கயிறு பிடித்த கைகள் எங்கே போயின என்று கேட்பாரும் உளர். இழுக்க ஆளே கிடைப்பதில்லை, இளைஞர் வெளிநாடு போய்விட்டார்கள் என்று மறுமொழி சொல்வாரும் உளர். இயந்திர இழுவை கடலடியைச் சுரண்டி மீன் குஞ்சையும் அள்ளுகிறது என்று சிறு தொழிலாளர் முறையிடுவதும் உண்டு. இருசாராரின் பேச்சையும் கேட்டுக்கொண்டு நாம் நின்றபோது வலையின் மடி கரையைத் தொட்டது. ஓட்டுநர் உருளையை நிறுத்திவிட்டு, பின் ரயர்களின் காற்றைச் சிறிது இறக்கினார். மீன் பெட்டிகளோடு மணலைத் தாண்டி வீதிக்கு ஏறவேண்டுமே! வீதி ஓரத்து நிழலிலே, அதே காற்றை மீண்டும் அடைப்பதற்குக் கைப்பம்பு ஒன்றோடு ஒரு சிறுவன் காத்திருந்தான்.