மணிக்கட்டிலா, குழாய் முனையிலா?

சிலிண்டர் சுமந்து கடலுக்குள் இறங்குவோர் தமக்கென்று ஒரு முக்குளிப்புக் கணிப்பொறி வாங்கச் சென்றால், கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வகை வேண்டுமா, குழாயின் முனையில் கன்சோலுக்குள் பொருத்திய வகை வேண்டுமா என்பதே அது. கேட்பதற்குச் சட்டையின் நிறத்தைத் தேர்வது போன்ற சிறு வினாவாகத்தான் தோன்றும். பிழைப்பின் பொருட்டு மஸ்கட்டில் தங்கி, விடுமுறை நாட்களில் அந்நாட்டுக் கடலுக்குள் இறங்கும் பழக்கத்தைப் பற்றிக்கொண்ட நாம், இவ்வினாவைச் சில ஆண்டுகளாகவே மனத்துக்குள் புரட்டிப் பார்த்து வந்திருக்கிறோம். விலையையும் வசதியையும் கடந்த ஒரு செய்தி இதில் அடங்கியுள்ளது என்பது நமது துணிபு.

இக்கருவி செய்யும் வேலையை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தரையில் அதனால் நமக்குத் தீங்கில்லை. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்காகிறது. 20 மீட்டரில் மும்மடங்கு. 30 மீட்டரில் நான்மடங்கு. அழுத்தம் பெருகப் பெருக நைட்ரஜன் குருதியில் கரைந்து, தசையிலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் அததற்குரிய வேகத்தில் குடியேறுகிறது. மெல்ல மேலேறினால், வந்த வழியே நுரையீரல் வாயிலாக வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ, மூடி திறந்த சோடாப் புட்டியைப் போல உடலுக்குள்ளேயே குமிழியிடும். மூட்டு வலியில் தொடங்கும் அத்துன்பம், முதுகுத் தண்டைத் தாக்கிக் கால்களை முடமாக்குவது வரை நீளக்கூடும்.

இந்த வரவு செலவுக்கு முதன்முதலில் ஒழுங்கான கணக்கெழுதியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர். பிரித்தானியக் கடற்படைக்காக வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, 1908இல் அவரும் அவருடைய துணைவர்களும் ஓர் அட்டவணையை வெளியிட்டனர். உடலை ஐந்து வகைத் திசுக்களாகப் பகுத்து அவர் கணக்கிட்டார். பின்னாளில் சூரிச் நகரத்து ஆல்பர்ட் ப்யூல்மான் அதனைப் பதினாறாக விரித்தார். அட்டவணையைப் பார்த்துக் கையால் கணக்கிடும் வேலையை நீருக்கடியிலேயே நொடிக்கு நொடி செய்து காட்டும் கருவிகள் 1983 முதல் சந்தைக்கு வந்தன. ஆழத்தையும் நேரத்தையும் இடைவிடாது அளந்து, இவ்வாழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் தங்கலாம், எவ்வளவு மெல்ல ஏற வேண்டும் என்பதை அவை எண்களாகக் காட்டுகின்றன.

மணிக்கட்டு வகையாயினும் கன்சோல் வகையாயினும் உள்ளிருக்கும் கணக்கு ஒன்றே. ஒரே கருவியை இரு வேறு கூடுகளில் இட்டு விற்கும் நிறுவனங்களும் உள. ஆகவே எது நன்றாகக் கணக்கிடும் என்று கேட்பது வீண். எங்கே இருந்துகொண்டு கணக்கிடுகிறது என்பதே கேட்கத்தக்கது.

கன்சோலுக்காக வாதாட நமக்கு அண்மையிலேயே ஒருவர் உண்டு. நம்மோடு கடலுக்கு வரும் கீழக்கரைக்காரர், அகவையில் மூத்தவர். அவரை நாம் காக்கா என்றே அழைப்போம். அவருக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி முகமூடி வழியே நீருக்குள் பார்க்கும் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும் என்றாலும், மணிக்கட்டுக் கருவியின் பொடி எழுத்துகள் அவருக்கு அந்த உதவியிலும் தெளியவில்லை. கன்சோலின் அகன்ற முகத்தில் எண்கள் பெரியவை. சிலிண்டரின் காற்றழுத்தம், ஆழம், நேரம், திசைகாட்டி அனைத்தும் ஒரே இடத்தில் இருக்கும். அழுத்தம் குழாய் வழியே நேராக வந்து சேர்வதால், சிலிண்டரிலிருந்து கைக்குச் செய்தி அனுப்பும் தனிக் கருவியும் அதற்கொரு மின்கலமும் வேண்டா. வார் அறுந்து கடலில் விழுமோ என்ற கவலையும் இல்லை. கரையில் மறந்து வைத்துவிட்டு வரவும் வழியில்லை. ரெகுலேட்டரோடு பிணைந்து அதுவும் வந்தே தீரும்.

இவை யாவும் மெய்யே. எனினும், கன்சோல் இடுப்புக்குக் கீழே தொங்குவது. மேலேறும்போது இடக்கை மிதவைச் சட்டையின் குழாயை உயர்த்திப் பிடித்திருக்கும். நிமிடத்திற்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் ஏறலாகாது என்பதும், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்க வேண்டும் என்பதும் விதி. அவ்வேளையில் கருவியிலிருந்து கண்ணை எடுக்கலாகாது. மணிக்கட்டில் இருப்பது முகத்துக்கு நேரே நிற்கும். கன்சோலையோ மற்றொரு கையால் துழாவி எடுத்துப் பார்க்க வேண்டும். அன்றியும், கொக்கியால் மார்பில் மாட்டப்படாத கன்சோல் பவளப்பாறைகளின் மீது உரசிச் செல்லும். மஸ்கட்டுக்கு மேற்கே, அழுங்காமைகள் முட்டையிட வரும் தைமானியாத் தீவுகளைச் சுற்றி முக்குளிப்போர் இதனைக் கண்ணாரக் கண்டிருப்பர். பல ஆண்டுகள் வளர்ந்த பவளக்கிளை ஓர் உரசலில் ஒடிந்துவிடுகிறது.

மணிக்கட்டு வகைக்கும் குறை உண்டு. ஆழம் செல்லச் செல்ல நியோப்ரீன் உடை அழுத்தத்தால் மெலியும்; கரையில் இறுகக் கட்டிய வார் கீழே தளர்ந்து, கருவி முழங்கைப் பக்கம் சுழலும். மீள்தன்மையுள்ள வாரைக் கட்டிக்கொண்டால் இக்குறை தீரும்.

இவ்வளவோடு நின்றால், அவரவர் கண்ணுக்கும் கைக்கும் ஏற்றதை வாங்குக என்று சொல்லி முடித்துவிடலாம். நம் எண்ணத்தை ஒரு பக்கம் சாய்த்தது தைமானியாத் தீவருகே ஒரு வெள்ளிக்கிழமை நடந்த நிகழ்ச்சி. அந்நாளில் நமக்குச் சொந்தக் கருவி இல்லை. படகுக்காரரிடம் ரெகுலேட்டரை வாடகைக்கு எடுப்போம், கன்சோலும் அதனுடனேயே வரும். காலையில் 18 மீட்டர் ஆழத்தில் 45 நிமிடம் இருந்துவிட்டுப் படகேறினோம். ஒரு மணி நேர ஓய்வுக்குப் பின், இரண்டாம் முறை இறங்குவதற்காகப் பணியாள் புதிய சிலிண்டரில் ரெகுலேட்டரைப் பூட்டிக் கொண்டுவந்தார். வழக்கம் போலக் கன்சோலின் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். 15 மீட்டர் ஆழத்துக்கு ஒரு மணிக்கும் மேற்பட்ட நேரத்தை அது தாராளமாகக் காட்டிற்று. அதன் நினைவேட்டைப் புரட்டினால், கடைசி முக்குளிப்பு ஐந்து நாட்களுக்கு முன் நிகழ்ந்ததாகப் பதிவாகியிருந்தது. அது காலையில் நம்முடன் வந்த கருவியன்று. நம்முடையது வேறொருவரின் சிலிண்டரில் ஏறிவிட்டது. அவரும் அதற்குள் நீரில் இறங்கிவிட்டார்.

“இரண்டும் ஒரே வகைதான், ஒரு வேறுபாடும் இல்லை” என்றார் பணியாள். கருவியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியே. ஆனால் காலையில் நம் உடலில் சேர்ந்த நைட்ரஜனைப் பற்றி அக்கருவிக்கு ஏதும் தெரியாது. ஐந்து நாள் ஓய்ந்திருந்த ஒருவருக்கு உரிய நேரத்தை அது நமக்கு வழங்கிக்கொண்டிருந்தது. அட்டவணை அட்டை இருந்தால் கையால் கணக்கிட்டுச் சிறிது நேரம் இறங்கியிருக்கலாம். படகில் அதுவும் இல்லை.

காக்கா தம் கன்சோலைத் தொட்டுக் காட்டினார். “தம்பி, என் கணக்கு இதுல இருக்கு. உங்க கணக்கு உங்க உடம்புல இருக்கு, அந்தப் பெட்டியில இல்லை. இப்ப இறங்க வேணாம்” என்றார். நம்மைத் தனியே விட மனமின்றி அவரும் இறங்கவில்லை. இருவரும் பந்தலின் நிழலில் அமர்ந்து, மற்றவர் திரும்பும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் காத்திருப்பில் ஒன்று விளங்கிற்று. நைட்ரஜனின் கணக்கு உடலுக்கு உரியது. சிலிண்டருக்கோ ரெகுலேட்டருக்கோ உரியதன்று. கணக்கேடு உடலோடு நடக்க வேண்டும். காக்காவின் கன்சோல் அவருடைய சொந்த ரெகுலேட்டரில் இருப்பது. அது வேறெவர் சிலிண்டருக்கும் போவதில்லை. ஆகவே அவருக்கு அது பொருந்தும். வாடகைக் கருவிகளோடு இறங்கும் நம் போன்றோர்க்கோ கன்சோல் பிறர் பொருளின் பகுதி. பூட்டுபவரின் கை மாறினால் கணக்கும் மாறிவிடும்.

கணக்கு கரையேறியதோடு முடிவதுமில்லை. வளைகுடாவில் வாழ்வோர்க்கு இது முதன்மையானது. ஊருக்குப் புறப்படுமுன் கடைசியாக ஒரு முறை கடலில் இறங்கிவிட்டு, அன்றிரவே விமானமேறும் ஆசை பலருக்கு வரும். விமானத்தின் உள்ளழுத்தம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள மலையின் அழுத்தத்தை ஒத்தது. உடலில் எஞ்சிய நைட்ரஜன் அங்கே குமிழியிடலாம். ஒருமுறை மட்டும் இறங்கியவர் 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் குறைந்தது காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவர்களின் அறிவுரை. வாடகைக் கன்சோலை மாலையில் திருப்பிக் கொடுத்த பின், மிச்சக் கணக்கைப் பார்க்க நம்மிடம் ஏதுமில்லை. மணிக்கட்டுக் கருவி நம்முடனேயே வீட்டுக்கு வந்து, பெட்டி கட்டும் வேளையிலும் மணியைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்.

காக்காவின் ஊரார் முற்காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள். காலில் கல்லைக் கோத்து, ஒரே மூச்சில் இறங்குவர். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் அசைத்ததும் இழுத்தெடுப்பார். அரபுக் கடற்கரைகளிலும் முறை இதுவே. குளிப்பவரின் உயிர், கயிறு பிடித்தவரின் கவனத்தில் இருந்தது. இன்று கயிறு இல்லை. தம்மைத் தாமே கவனிக்கும் பொறுப்பு, இறங்குபவர் மீதே விழுந்துவிட்டது.

ஆதலின் நம் முடிவு இது: தமக்கென ஒரே ஒரு பொருளை வாங்க வசதியுள்ளவர், மணிக்கட்டுக் கணிப்பொறியை வாங்குக; காற்றழுத்தத்தைப் பார்க்க வாடகை ரெகுலேட்டரின் முள்மானியே போதும். எல்லாக் கருவிகளையும் சொந்தமாக உடையவரும், வெள்ளெழுத்துக் கண்ணினரும் கன்சோலைத் தயங்காது கொள்க. அதனை மார்பில் கொக்கியிட்டு மாட்டுக. இருவரும் ஓர் அட்டவணை அட்டையைப் பையில் வைத்திருத்தல் நலம்.

நம்மவரிடையே இரவல் கேட்டவருக்கு இல்லையென்று சொல்வது இழுக்கு. முகமூடியைக் கேட்டால் கொடுக்கலாம். துடுப்புக் காலணியைக் கேட்டாலும் கொடுக்கலாம். ஆனால் ஒரு முறை இறங்கி ஏறியபின், அதன் கணக்கு முற்றும் தீரும்வரை, அக்கருவியை உடன்பிறந்தார் கேட்டாலும் கொடுக்கலாகாது. அவ்விடத்தில் இல்லையென்று சொல்வதே அவருக்குச் செய்யும் உதவி.