மழை வந்தால் யார் வென்றது?

 

சித்திரை வருகிறது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இப்போதே நோட்டீஸ் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி, 11 பேர், 5 ஓவர், நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதற்பரிசு இவ்வளவு. கீழே அனுசரணையாளர்களின் பெயர்கள் நோட்டீஸில் பாதியைப் பிடித்திருக்கும். மழை வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் எந்த நோட்டீஸிலும் இருக்காது. திம்புள்ளையில், சித்திரை மாதத்தில், பின்னேரம் மழை வராது என்று நம்பித்தான் நாங்கள் எல்லோரும் போட்டி நடத்துகிறோம்.

நானும் அப்படி நடத்தியவன்தான். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத கதை. இரண்டு வருடம் மனதில் கிடந்தது, எழுதிவிடுகிறேன்.

2023 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை. புத்தாண்டு முடிந்து இரண்டாம் நாள். எங்களுக்கு நோன்பு. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் சேர்ந்து, தோட்டத்து முன்பள்ளியின் கூரைக்குத் தகரம் வாங்கக் காசு சேர்க்க ஒரு சுற்றுப்போட்டி வைத்தார்கள். "சேர், நீங்க கணக்கு சேர்தானே, நீங்களே ட்ரோ போட்டுக் குடுங்க" என்றார்கள். நான் 16 அணிக்குப் போட்டுக் கொடுத்தேன். காலையில் போனால் 22 அணி நிற்கிறது. லொறி பிடித்து வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று ஒருவன் கேட்டான். 3000 ரூபாயை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று இன்னொருவன் யோசித்தான். எல்லோரையும் சேர்த்துக்கொண்டோம்.

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். விலகல் முறையில் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓர் அணி வீட்டுக்குப் போகும். 22 அணியில் 21 அணி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் 21 ஆட்டம். 5 ஓவர் ஆட்டம் ஒன்றுக்கு, தேயிலைக்குள் விழுந்த பந்தைத் தேடும் நேரத்தையும் சேர்த்தால், 40 நிமிடம். ஆக 840 நிமிடம், 14 மணித்தியாலம். எங்கள் மைதானத்தில் வெளிச்சம் இருப்பதோ 11 மணித்தியாலத்துக்கும் குறைவு. 6ஆம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு. நான் செய்யவில்லை. பிரதம விருந்தினர் வரும்வரை தொடங்கக் கூடாது என்றார்கள், அதற்கும் தலையாட்டினேன். முதல் பந்து போடும்போது மணி எட்டே முக்கால்.

மத்தியானத்துக்குள் 6 ஆட்டந்தான் முடிந்தது. ஒலிபெருக்கியில் "இனி 3 ஓவர்" என்று அறிவித்தார்கள். காலையில் விளையாடியவனுக்கு 5, பின்னேரம் விளையாடுபவனுக்கு 3. யாரும் பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை. எங்கள் ஊர்ப் போட்டிகளுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். அதுதான் எனக்கு இப்போது கவலையாக இருக்கிறது.

அந்த 22 அணியில் ஒன்று, என்னிடம் 9ஆம் வகுப்பில் விகிதசமம் படித்த ஒரு பையனின் அணி. அவன் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. தோட்டத்தில் பாதிப் பையன்கள் அப்படித்தான், தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவார்கள். ஆளுக்கு 300 போட்டு நுழைவுக் காசு கட்டியிருந்தார்கள். 2021 மார்ச்சில்தான் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரத்தைத் தொட்டது. 300 ரூபாய் என்பது அவனுடைய அம்மா கொழுந்து பறிக்கும் ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்தோம், வந்துவிட்டார்கள். முதல் ஆட்டம் கிடைத்தது பதினொன்றரைக்கு. அதில் வென்றார்கள். அடுத்ததிலும் வென்றார்கள். கால் இறுதிக்கு மறுபடி 5 ஓவர். முதலில் துடுப்பெடுத்து 61 ஓட்டம் அடித்தார்கள். டவுனிலிருந்து வந்த எதிரணி 3 ஓவரில் 19க்கு 3 விக்கெட். அப்போது மழை.

நாலே காலிலிருந்து ஐந்தே கால்வரை கொட்டியது. பிட்ச் இருந்த இடம் தெரியவில்லை. மிச்ச ஆட்டங்களை அடுத்த ஞாயிறு வைப்போம் என்று குழு முடிவெடுத்தது. அவன் வந்து, "சேர், நாளைக்கு எங்கள்ல அஞ்சு பேரு கொழும்பு போறோம். லீவு கிடையாது. இந்த மேட்ச மட்டும் இன்னைக்கே முடிவு பண்ணிருங்க" என்றான். டவுன் அணி ஆட்டத்தை முதலிலிருந்து வைக்கச் சொன்னது. இரண்டு பக்கமும் குரல் ஏறியது. ஆறே காலுக்கு நோன்பு திறக்க வேண்டும், எனக்குத் தலைவலி, தலவாக்கலைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொக்கற்றிலிருந்து ஒரு காசை எடுத்துச் சுண்டினேன்.

டவுன் அணி வென்றது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க சேர்" என்றான், அவ்வளவுதான். லொறியில் ஏறிப் போனார்கள். நான் நேரத்துக்கு வீடு போய் நோன்பு திறந்தேன்.

தீபாவளிக்கு வந்தவன் பத்தனைச் சந்தியில் என்னைக் கண்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்: "சேர், 5 ஓவருக்கு 61ன்னா 3 ஓவருக்கு 36க்கு மேல வரணும். அவங்க 19தானே. நீங்கதான எங்களுக்கு அத சொல்லிக் குடுத்தீங்க. ஏன் சேர் காசு போட்டீங்க?"

பத்தனைக் கல்வியியற் கல்லூரியில் எனக்குக் கணிதம் கற்பிக்கப் பயிற்சி தந்தார்கள். அந்தச் சந்தியிலிருந்து பார்த்தால் அந்தப் பாதை தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

அவனுடைய விகிதசமம் கச்சிதமான விடை இல்லை என்பது எனக்குத் தெரியும். கையில் எத்தனை விக்கெட் மிச்சம் என்பதை அது பார்க்காது. 1992 உலகக் கிண்ண அரையிறுதியில், சிட்னியில், தென்னாபிரிக்காவுக்கு 13 பந்தில் 22 தேவைப்பட்டது. மழை நின்று திரும்பி வந்தபோது அது ஒரே பந்தில் 21 ஆகியிருந்தது. உலகக் கிண்ணத்திலேயே மழைக்கான விதி அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் டக்வர்த், லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்களின் முறை வந்தது. 1997 ஜனவரி 1ஆம் திகதி சிம்பாப்வே - இங்கிலாந்து ஆட்டத்தில் முதலில் பயன்பட்டது. ஆனாலும் சிட்னியில் அந்த மோசமான விதி ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. எங்களிடம் அதுகூட இல்லை. என் பொக்கற்றில் ஒரு காசு இருந்தது.

2024க்குக் குழு கூடியபோது நான் முதலில் கேட்டது போன வருடத்துக் கணக்கை. 22 அணி, 66,000 ரூபாய் வரவு. முதற்பரிசு 30,000, இரண்டாம் பரிசு 20,000. ஒலிபெருக்கி, கிண்ணங்கள், மாலை, பிரதம விருந்தினருக்குச் சாப்பாடு எல்லாம் 14,000. மிச்சம் 2,000. பாலர் பிள்ளைகளின் கூரைக்காக ஒரு நாள் முழுக்க 22 அணியை வெயிலிலும் மழையிலும் நிற்க வைத்துச் சேர்த்தது அவ்வளவுதான். பையன்கள் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ப்ரைஸ் இல்லன்னா யாரும் வரமாட்டாங்க சேர்" என்றான் ஒருவன். காசுப் பரிசு பெரிதானால் யார் வருகிறார்கள்? எங்கிருந்தோ கூலிக்கு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருகிற அணிதான் வருகிறது. காசை எடுத்துவிட்டோம். கிண்ணமும் ஒரு துடுப்பும் மட்டும். கட்டணம் 2000. அணிகள் 12, ஒன்றுகூடக் கூடாது. இரண்டு டவுன் அணிகள் வரவில்லை. மற்றபடி இடம் ஒரு வாரத்தில் நிரம்பியது.

வெளியாள் கூடாது என்று ஒரு விதி போட நினைத்தோம். அப்படிப் போட்டால் கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பையன்களே வெளியாட்கள் ஆகிவிடுவார்கள். கடைசியில் அடையாள அட்டையைப் பார்ப்பது என்று முடிவு. புறக்கோட்டையில் படுத்தெழும்பினாலும் அட்டையில் தோட்டத்தின் பெயர்தானே முகவரி.

மூன்று மூன்றாக நாலு குழு. முதல் ஞாயிறு இரண்டு குழு, அடுத்த ஞாயிறு இரண்டு குழுவும் அரையிறுதியும் இறுதியும். முதல் குழு ஏழு மணிக்கு வந்தால் போதும், இரண்டாம் குழு ஒன்பதுக்கு. ஆளுக்கு இரண்டு ஆட்டம் நிச்சயம். மூன்று அணிக் குழுவில் ஓர் ஆபத்து உண்டு. கடைசி ஆட்டத்தில் விளையாடும் இரண்டு அணியும் பேசிவைத்துக்கொண்டு மூன்றாவதை வெளியே தள்ளலாம். 2026 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கு இப்படி மூன்று அணிக் குழுக்கள் என்றுதான் பீஃபா முதலில் தீர்மானித்திருந்தது, 2023 மார்ச்சில் கைவிட்டு நாலு நாலாக மாற்றியது. எங்களுக்கு நாலு நாலாக வைக்க நேரம் இல்லை. அதனால் முதல் ஆட்டத்தில் தோற்றவர்கள் உடனே மூன்றாவது அணியுடன், வென்றவர்கள் கடைசியாக என்று வைத்தோம். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஏதோ குறையும்.

விதியை அதிகம் யோசித்து எழுதினாலும் வில்லங்கம்தான். 1994இல் கரீபியன் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் ஒன்றில், மேலதிக நேரத்தில் அடிக்கும் கோல் இரண்டாகக் கணக்கிடப்படும் என்று விதி வைத்தார்கள். கிரனடாவை 2 கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டிய பார்படோஸ், மேலதிக நேரத்துக்குப் போவதற்காகத் தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்தது. பிறகு கிரனடா எந்தப் பக்கமாவது ஒரு கோல் அடிக்கப் பார்க்க, பார்படோஸ்காரர் இரண்டு கோல் கம்பத்தையும் காவல் காத்தார்கள். ஆகவே எங்கள் விதியை ஒரே பக்கத்தில் எழுதி, கூட்டத்தில் வாசித்து, "இத வச்சு எப்படி ஏமாத்தலாம்னு சொல்லுங்க" என்று பையன்களையே கேட்டேன். அரை மணித்தியாலத்தில் நாலு ஓட்டை கண்டுபிடித்தார்கள். வகுப்பில் இவ்வளவு ஆர்வத்தை நான் கண்டதில்லை.

மழை விதி இது: இரண்டாவதாக ஆடும் அணி 3 ஓவர் முடித்திருந்தால் விகிதசமப்படி முடிவு, இல்லையென்றால் மீள ஆட்டம். அந்த 3 எங்கிருந்து வந்தது என்று அவனுக்கும் எனக்கும் தெரியும். இடி கேட்டால் மைதானத்தை விட்டு எல்லோரும் வெளியே, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் உள்ளே. பெரிய மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. இதில் பேரம் இல்லை. பன்னிரண்டு தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கினோம்.

ஓட்டங்களைக் குறிக்க 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டேன், இரண்டும் பெண் பிள்ளைகள், கணக்கில் கெட்டி. அதில் ஒருத்தியின் அம்மா என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. "அங்க பாத்ரூம் இருக்குங்களா சேர்?" என்று மட்டும் கேட்டார். இத்தனை வருடம் இத்தனை போட்டி நடந்த மைதானம், எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. பிள்ளைக்காம்பராவின் சாவியைக் கேட்டு வாங்கினோம். அன்றைக்குத்தான் அம்மாக்கள் சிலர் மைதானத்துக்கு வந்து உட்கார்ந்து பார்த்ததையும் கண்டேன்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் குழுவில் மூன்று அணியும் ஒவ்வொன்று வென்று நின்றன. நிகர ஓட்ட வீதம் பார்க்க வேண்டும். ஓர் அணி 3.2 ஓவரில் எல்லோரும் ஆட்டமிழந்திருந்தது. அதன் தலைவர் 3.2ஆல் வகுக்கச் சொல்லி நின்றார். முதலாவது, 3.2 ஓவர் என்பது மூன்று ஓவரும் இரண்டு பந்தும், அதாவது மூன்றும் மூன்றிலொன்றும். இரண்டாவது, எல்லோரும் ஆட்டமிழந்தால் முழு 5 ஓவராகத்தான் கணக்கு, சர்வதேச ஆட்டத்திலும் அப்படித்தான். பத்து நிமிடம் கத்தினார். ஓட்டம் எழுதிய பிள்ளை எழும்பி, அவர் கையெழுத்திட்ட தாளை அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். பென்சிலைச் சீவிக்கொண்டாள்.

மழை எங்கள் நேரசூசிக்குக் கட்டுப்படவில்லை. இரண்டாம் ஞாயிறு அரையிறுதியின் நடுவிலேயே வந்துவிட்டது. நாலு ஓவர் முடிந்திருந்தது. தோற்ற அணித் தலைவர் தாளை வாங்கித் தானே ஒருமுறை பெருக்கி வகுத்துப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பித் தந்துவிட்டுத் தேநீர் கேட்டார். இறுதியாட்டம் சேற்றில், மூன்று மணிக்குப் பிறகு. முதல் ஞாயிறு வென்ற அணிகள் களைப்பில்லாமல் வந்து அரையிறுதி ஆடியது அநியாயம் என்று ஒரு முறைப்பாடு இருக்கிறது. உண்மைதான். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

வரவு 24,000. கிண்ணம், துடுப்பு, பந்துகளுக்கு 13,000, நடுவர்களுக்கும் ஓட்டம் எழுதியவர்களுக்கும் சாப்பாடு 2,400. மிச்சம் 8,600. தகரம் வாங்கியாயிற்று.

அவனுடைய அணி முதல் ஞாயிறே இரண்டு ஆட்டத்திலும் தோற்றுப்போனது. மோசமாகத்தான் விளையாடினார்கள், சொன்னால் கோபிக்க மாட்டான். பத்து மணிக்கு வந்து, "போயிட்டு வாரோம் சேர், அம்மா சோறு ஆக்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தே போனான்.

திம்புள்ள என்ற பெயரில் பழைய கிரிக்கெட் கழகம் ஒன்று இருக்கிறது, தோட்டத் துரைமாருடையது. ரதல்லயில் புல் வெட்டிய மைதானம் அவர்களுக்கு. டிக்கோயா - மஸ்கெலியாக்காரருக்குத் தரவளை. எங்களுக்கு ஒரு பக்கம் சரிந்த நிலமும், மூன்று பக்கம் தேயிலையும், அட்டைக்கடியும். பரவாயில்லை. ஒரு படங்கு இருந்தால் பிட்சையாவது மூடி வைக்கலாம்.

இந்தச் சித்திரைக்கும் அதே 12 அணி, இரண்டு ஞாயிறு. இம்முறை பெண் பிள்ளைகளுக்கு எல்லே போட்டி ஒன்றும் கேட்கிறார்கள், நேரம் எங்கே கண்டுபிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருபது அடி நீளத்துக்குக் குறையாத படங்கு யாரிடமாவது இருந்தால், இரண்டு ஞாயிறுக்கு மட்டும் இரவல் தர முடியுமா? கழுவிக் காய வைத்துத் திருப்பித் தருவோம். லொறிக்காரர்கள் இருந்தால் இன்பொக்ஸுக்கு வாங்க.