ஒரு மில்லி நொடி வெட்டு

நான் வேலை பார்க்கும் உலகத்தில் தாமதம் பெரிய விஷயமே இல்லை. ஒரு சர்வர் பதில் சொல்லவில்லையென்றால் இன்னொரு முறை கேட்போம். அப்பவும் வரலையா, கொஞ்சம் காத்திருந்து மூன்றாவது முறை. நீங்கள் கைபேசியில் பிரியாணி ஆர்டர் செய்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சுற்றும் வட்டத்துக்குப் பின்னால், என்னைப் போன்ற யாரோ எழுதிய "மறுபடி கேள்" என்கிற நிரல் ஓடிக்கொண்டிருக்கும். பத்து வருஷமாக நான் எழுதுவது பெரும்பாலும் அதன் வெவ்வேறு வடிவங்களைத்தான். தகவல் முழுசாக வந்து சேர்ந்தால் போதும். எத்தனை மணிக்கு வந்தது என்று யாரும் மல்லுக்கு நிற்பதில்லை.

ஒலிக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். காதால் கேட்டது சாலிகிராமத்தில், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி.

என்னோடு இன்ஜினியரிங் படித்த நண்பன் ஒருவன் அங்கே சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பழைய வீடு. கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தை அடைத்துக் கூடமாக்கி, அதில்தான் வாசிப்பவர்கள் உட்காருவார்கள். கன்ட்ரோல் ரூம் இரண்டாம் மாடியில். இரண்டுக்கும் நடுவே பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது 24 ஜோடிக் கம்பிகள் கொண்ட மல்டிகோர் கேபிள், கைமணிக்கட்டு தடிமனுக்கு. ஒரு ஜோடிக்கு ஒரு முனையில் மூன்று பற்றவைப்பு, இரண்டு முனைக்கு ஆறு, ஆக மொத்தம் 144. அத்தனையையும் தன் கையால் பற்றவைத்தவர் அந்த ஸ்டுடியோவின் சவுண்ட் இன்ஜினியர். எல்லோருக்கும் அண்ணன். டேப் காலத்தில் வடபழனிப் பக்கம் ஒரு தியேட்டரில் உதவியாளராகச் சேர்ந்தவர். வயது அறுபதுக்கு மேல்.

அந்த மல்டிகோரை நண்பன் பிடுங்கிவிட்டான். அதில் பாதி சானல் இரைந்துகொண்டிருந்தது, மீதியில் பக்கத்து வீட்டு மோட்டார் போட்டால் உறுமல். அதற்குப் பதிலாகக் கீழே ஒரு ஸ்டேஜ் பாக்ஸ், மேலே ஒரு நெட்வொர்க் ஆடியோ இன்டர்ஃபேஸ், நடுவில் ஒரு ஸ்விட்ச், ஒற்றை கேட்6 கேபிள். மைக்கின் ஒலி கீழேயே எண்களாக மாறி, ஈதர்நெட் வழியாக மேலே போகும். ஹெட்போனுக்கான ஒலி அதே கேபிளில் கீழே வரும். பழைய செம்பை எடைக்குப் போட்டதில் கிடைத்த காசு ஸ்விட்ச் வாங்கக்கூடக் காணவில்லை என்றான். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "இனிமே நீங்க மைக் மட்டும் வச்சாப் போதும்ணே" என்று இவன் அவரிடம் சொல்லியிருந்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் சொல்லியிருக்க வேண்டாம்.

சனிக்கிழமை காலை வரவேண்டியவர் கும்பகோணம் பக்கத்து நாதஸ்வர வித்வான். 74 வயது. பேரன்தான் ஏற்பாடு செய்திருந்தான். வீட்டில் அடுத்து யாரும் அந்த வாத்தியத்தை எடுக்கவில்லை. மூச்சு முன்னைப் போல் இல்லை, அதனால் ஒரே ஒரு தோடி, முழு ஆலாபனை, ஒரே தடவை. நடுவில் நிறுத்தி இன்னொரு டேக் கேட்கக் கூடாது என்பது பேரன் போட்ட நிபந்தனை.

வெள்ளி மாலை சுருதிப் பெட்டியை ஓடவிட்டுப் பத்து நிமிடம் சோதனைப் பதிவு எடுத்திருக்கிறார்கள். அதில் ஏழு இடத்தில் 'டக்'. எந்த ஒழுங்கும் இல்லை. சில சமயம் இரண்டு நிமிடம் சுத்தமாக ஓடும், பிறகு அடுத்தடுத்து இரண்டு. நண்பன் எனக்கு போன் போட்டான். "மச்சான், நெட்வொர்க்னா உன் ஏரியாதானேடா?"

முழுக்க இல்லைதான். ஆனாலும் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நண்பன் மைக் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் சுவரோரம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் ஹெட்போனைக் கழற்றியதும் சொன்னார்: "கேபிள் லூஸா இருந்தா கரகரன்னு வரும் தம்பி, தொட்டா மாறும். எர்த் பிரச்சினைன்னா அடியில ஹம்முன்னு நிக்கும். இது ரெண்டும் இல்ல. டேப்பை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. அதுவும் நேரா வெட்டினது."

டேப்பில் எடிட் செய்தவர்களைப் பார்த்திராத நம் தலைமுறைக்கு இது கொஞ்சம் விளக்க வேண்டிய சங்கதி. காந்த நாடாவில் வேண்டாத பகுதியை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் ஒட்டுவார்கள். வெட்டுவது சாய்வாக, பெரும்பாலும் 45 டிகிரியில். அப்படி வெட்டினால் ஒரு ஒலி மெதுவாக விலக, அடுத்தது மெதுவாக உள்ளே வரும். செங்குத்தாக வெட்டினால் ஒட்டு ஹெட்டைத் தாண்டும் கணத்தில் 'டக்' என்று கேட்கும். அலை ஏறிக்கொண்டிருக்கும்போதே சட்டென வேறு உயரத்துக்குத் தாவுகிறது, அந்தத் தாவல்தான் சத்தம்.

அண்ணன் சொல்ல வந்தது, இங்கே எதுவும் கூடுதலாகச் சேரவில்லை, ஏதோ காணாமல் போயிருக்கிறது என்பது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டுடியோ டேப் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். அதில் ஒரு மில்லி நொடி என்பது 0.38 மில்லிமீட்டர். அவ்வளவு அகல நாடாத் துண்டு இல்லாமல் போனதை அவர் காது பிடித்திருக்கிறது. நான் அதுவரை மைக்கையும் ப்ரீஆம்ப்பையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தேன். அவர் பேச்சைக் கேட்டதும் இரண்டையும் அடித்துவிட்டு ஸ்விட்ச் பக்கம் திரும்பினேன்.

இந்த நெட்வொர்க்குக்குப் பெயர் டான்டே. சிட்னியில் 2006-இல் தொடங்கிய ஆடினேட் என்கிற நிறுவனத்தின் தயாரிப்பு. நரகத்தையும் சொர்க்கத்தையும் பாடிய தாந்தேயை நினைவூட்டும் பெயர். அன்றைக்கு நாங்கள் எந்தப் பகுதியில் இருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 24 பிட் என்றால் ஒரு சானலுக்கு நொடிக்கு 1.15 மெகாபிட். 32 சானல் வைத்தாலும் 37 மெகாபிட்டைத் தாண்டாது, தலைப்புச் சுமைகளைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச்சின் கொள்ளளவோ 1,000. ஆறுவழிச் சாலையில் நாலு ஸ்கூட்டர் போகிற மாதிரி. நண்பன் "பேண்ட்விட்த் பத்தலையோ" என்று திரும்பத் திரும்பக் கேட்டதற்கு இதுதான் பதில்.

சிக்கல் எல்லாம் நேரத்தில் இருக்கிறது. கீழே இருக்கும் பெட்டிக்கு ஒரு குவார்ட்ஸ் படிகம், மேலே இருப்பதற்கு இன்னொன்று. இரண்டும் 48,000 என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் இரண்டு படிகங்கள் ஒருபோதும் அச்சாக ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் பத்து பங்கு வித்தியாசம் என்றால்கூட ஒரு மணி நேரத்தில் 36 மில்லி நொடி விலகிவிடும். அதனால் நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகள் தங்களுக்குள் ஒரு தலைமைக் கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. பி.டி.பி. என்று ஒரு நெறிமுறை, 2002-இல் தரநிலையானது. ஒவ்வொரு கருவியும் தன் தகுதியை அறிவிக்கும். நல்ல கடிகாரம் உள்ளது தலைவர். எல்லாத் தகுதியும் சமமாக இருந்தால் வன்பொருள் முகவரியில் சின்ன எண் வைத்திருப்பது ஜெயிக்கும். முன்பு இதை எஜமான், அடிமை என்றே ஆவணங்களில் எழுதிவந்தார்கள். இப்போது தலைவர், தொண்டர் என்று மாற்றிவிட்டார்கள், நம்மூருக்கு இன்னும் பொருத்தமாக.

தலைவர் ஓயாமல் மணி சொல்லிக்கொண்டே இருப்பார். மற்றவை அந்தச் செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று அளந்து, தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். ஒலிப் பாக்கெட்டும் நேரக் குறிப்போடுதான் கிளம்பும். வாங்கும் கருவியில் லேட்டன்சி 1 மில்லி நொடி என்று அமைத்திருந்தால், குறித்த நேரத்திலிருந்து சரியாக 1 மில்லி நொடி கழித்து அந்தச் சாம்பிளை ஒலிக்கும். அதற்குள் பாக்கெட் வந்திருக்க வேண்டும். பிறகு வந்தால் தூக்கிப் போட்டுவிடும். மறுபடி கேட்கிற பேச்சே இல்லை. மறுபடி அனுப்பி வந்து சேர்வதற்குள் பாட்டு எங்கேயோ போயிருக்கும். என் தொழிலில் தாமதம் வேறு, இழப்பு வேறு. இரண்டையும் தனித்தனியாக எண்ணி மாதாமாதம் வரைபடம் போட்டு மேலிடத்துக்கு அனுப்புகிறோம். இங்கே இரண்டுக்கும் ஒரே கணக்கு.

டான்டே கன்ட்ரோலர் என்கிற மென்பொருளைத் திறந்தால் பாக்கெட்டுகள் எவ்வளவு நேரத்தில் வருகின்றன என்று கட்டம் கட்டமாகக் காட்டும். பெரும்பாலானவை பச்சையில், வலது ஓரத்தில் மெல்லிசாக ஒரு சிவப்பு. கடிகாரப் பக்கத்தைப் பார்த்தேன். கீழே இருக்கும் பெட்டி தலைவர், மேலே இருப்பது தொண்டர், ஆனால் தொண்டரின் திருத்தம் ஓர் இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தது. தலைவர் சொன்ன மணி ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு தாமதத்தில் வந்தால் பாவம் அது என்ன செய்யும்?

"லேட்டன்சியை 5 ஆக்கிடலாம்டா" என்றான் நண்பன். ஆக்கினோம். பத்து நிமிடத்தில் ஏழு, இரண்டாகக் குறைந்தது. 5 மில்லி நொடி என்பது காற்றில் ஒலி 1.7 மீட்டர் போகும் நேரம். மேடையில் தவில்காரர் பக்கத்தில் உட்காரும் தூரம் அவ்வளவுதான், வாசிப்பவருக்கு உறுத்தாது. இவன் அத்தோடு விட்டுவிடலாம் என்று பார்த்தான். அண்ணன் எதுவும் பேசாமல் அந்த இரண்டாவது 'டக்' வந்த இடத்தை மறுபடி போட்டார். பிறகு இன்னொரு தடவை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் ஸ்விட்ச் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். ரிச்சி தெருவில் வாங்கியது, விலை மலிவு. மூடியில் பச்சை இலை ஒன்று போட்டிருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துமாம். 2010-இல் ஈதர்நெட் தரநிலையில் சேர்ந்த வசதி இது. போர்ட்டில் போக்குவரத்து இல்லாதபோது அது தூங்கிவிடும், அடுத்த பாக்கெட் வரும்போது எழுந்துகொள்ளும். எழுவதற்குச் சில மைக்ரோ நொடிகள். வீட்டில் படம் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. இங்கே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில் ஸ்விட்ச் கோழித்தூக்கம் போட்டுக்கொண்டிருந்தது. மணி சொல்ல வருகிற செய்தியும் அந்தத் தூக்கக் கலக்கத்தில் மாட்டிக்கொண்டது. இந்த வசதியை அணைத்துவிடுங்கள் என்று ஆடியோ நெட்வொர்க் கையேடுகள் தெளிவாகச் சொல்கின்றன. இந்த மாதிரி மேனேஜ்டு அல்லாத ஸ்விட்ச்சில் அணைக்க வழியே கிடையாது.

மணி பதினொன்று. ரிச்சி தெரு மூடியிருக்கும். என் வீட்டில் பழைய மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று இருந்தது, எப்போதோ கற்றுக்கொள்வதற்காக வாங்கியது. போரூர் போய் எடுத்துக்கொண்டு திரும்ப முக்கால் மணி நேரம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ஆற்காடு ரோட்டில் இரவில் பைக் ஓட்டுவது பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். வந்ததும் தூங்கும் வசதியை எல்லா போர்ட்டிலும் அணைத்தேன். நேரச் செய்திக்கு முதல் முன்னுரிமை, ஒலிக்கு இரண்டாவது, மற்றதெல்லாம் பின்னால். இன்டர்நெட் ரவுட்டர் கேபிளைப் பிடுங்கித் தனியே வைத்தேன். லேட்டன்சியை மறுபடி 1 ஆக்கினேன்.

சுருதிப் பெட்டி ஓடியது. கட்டத்தில் சிவப்பு இல்லை, தொண்டரின் திருத்தம் ஒரு கோட்டில் நின்றது. நண்பன் திரையைப் பார்த்துக் கையைத் தட்டினான். அண்ணன் திரை பக்கம் திரும்பவே இல்லை. நாற்பது நிமிடம் ஹெட்போனோடு உட்கார்ந்து முழுசும் கேட்டார். முடித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டார்: "அப்போ யாரு பொட்டி டைம் சொல்றது?" கீழே இருப்பது என்றேன். மாஸ்கிங் டேப்பில் 'தலைவர்' என்று எழுதி எடுத்துப்போய் ஸ்டேஜ் பாக்ஸ் மேல் ஒட்டினார். ஸ்விட்ச்சுக்கும் ஒன்று எழுதினார்: 'தூங்காதே'. அப்புறம் கேபிளின் இரண்டு முனையிலும் எண் போட்டார். ஒரே கேபிளுக்கு எதற்கு எண் என்று நண்பன் சிரித்தான். நாளைக்கு இரண்டாவது வரும் என்றார்.

மறுநாள் தவில்காரரைப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் உட்கார வைத்தோம். வித்வான் கூடத்தில். ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்ட மறுத்தார். "மாட்டினா எனக்கு என் சீவாளி கேக்கலை." ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டார். தோடி 34 நிமிடம் போனது. மேலே நண்பன் பாக்கெட் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நானும்தான். அதனால் ஆலாபனையின் முதல் பாதி எனக்குச் சரியாக நினைவில்லை. நடுவில் அண்ணன் கையை நீட்டி மானிட்டரை அணைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

போட்டுக் காட்டும்போது எல்லோரும் மேலே வந்து உட்கார்ந்தோம். 22-ஆவது நிமிடத்தில், மேல்ஸ்தாயியில் நீண்ட ஒரு பிடி நடுவில் அறுந்து, ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருந்து, பிறகு தொடர்ந்தது. நண்பன் பதறிப்போய் லாகைத் திறந்தான். இழந்த பாக்கெட் பூஜ்யம். பேரன் மெதுவாகக் கேட்டான், அந்த இடத்தை மட்டும் எங்கேயாவதிருந்து எடுத்து ஒட்டிவிடலாமா என்று.

"அது தாத்தா விட்டது தம்பி" என்றார் அண்ணன். "மெஷின் விடலை."

பெரியவர் நிமிர்ந்தார். "நானா விட்டேன்? எங்க, போடு."

போட்டோம். இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாவது தடவை விரல் மடியில் அசைந்தது.

"சீவாளி காஞ்சிருக்கு" என்றார். "இருக்கட்டும்." பேரனைப் பார்த்துக் காபி கிடைக்குமா என்று கேட்டார்.